பர்கர் யன்னலில் நின்று நான் பயந்த கதைகள்

மற்றவர்கள் சிரித்துக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற இடத்தில் நெஞ்சு பதைக்க நிற்பதற்குப் பெயர்தான் பர்கர் கடை வேலை.

காதில் ஹெட்செற், கையில் சிந்துகிற கோலா, முதுகுக்குப் பின்னால் விடாமல் அடிக்கிற அலாரம். இப்படி நின்ற அனுபவம் உள்ளவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்துவிட்டு "இதுக்கெல்லாம் ஒரு பயமோ" என்று கேட்பார்கள். நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

என் பெயர் வதனி. யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடித்து டென்மார்க்குக்கு வந்தவள். கோல்டிங்கில், நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்குகிற வளைவில் இருக்கிற அமெரிக்க பர்கர் கடையொன்றில் வேலை செய்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். எந்தக் கடை என்றாலும் எண்ணெய் மணம் ஒன்றுதான்.

முகம் தெரியாத குரல்

காரில் இருந்தபடியே சாப்பாடு வாங்குகிற பாதையில்தான் என்னை முதலில் நிறுத்தினார்கள். அந்தப் பாதையில் மைக் பூட்டிய ஒரு கம்பம். வருகிறவர் அதைப் பார்த்துக் கதைப்பார். அது என் காதுக்குள் வந்து விழும். முகம் தெரிந்தால் வாயசைவைப் பார்த்தாவது பாதியை ஊகிக்கலாம். இது வெறும் குரல். எனக்கோ டெனிஷ் வகுப்பில் படித்த டெனிஷ் மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கமான யூலண்டின் வயதான விவசாயிகள் அந்த டெனிஷைப் பேசுவதில்லை. வகுப்பில் "நான்" என்பதற்கு "யை" என்று சொல்லித் தந்தார்கள். இவர்கள் வாயைக் கொஞ்சம் திறந்து "அ" என்று விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் அப்படியொரு குரல் வந்தது. நீளமாக ஏதோ கேட்டது. "மன்னிக்கவேணும், திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன். திருப்பிச் சொன்னது. அதில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் கார்கள் சேர்ந்துகொண்டிருந்தன. மூன்றாம் தரம் கேட்டால் வேலை போய்விடும் என்று அந்த நேரத்தில் உறுதியாக நம்பினேன். பெரிய பர்கர் இரண்டும் சிப்ஸும் என்று என் பாட்டுக்குத் திரையில் அமத்தி, "முன்னுக்கு வாங்கோ" என்றேன்.

யன்னலுக்கு வந்தவர் சேறு படிந்த மேலங்கியோடு இருந்த ஒரு கிழவர். நான் நீட்டிய பையை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, என்னையும் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வங்கி அட்டையை எடுத்து ஒழுங்காகக் காசைக் கட்டினார். போகும்போது, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக, சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னார்: "நான் பிராண்டே ஊருக்குப் போற பாதையைத்தான் கேட்டனான். பரவாயில்லை, எனக்குப் பசியும் இருந்தது."

சிரிக்கப் பழக்க வந்தவ

ஒருமுறை அமெரிக்காவிலிருந்து டெனிஸ் என்றொரு பெண் எங்களுக்குப் பயிற்சி தர வந்தா. ஐம்பது வயதிருக்கும். ஒஹாயோவில் இதே மாதிரிக் கடைகளில்தான் வாழ்க்கை முழுக்க வேலை செய்தவ. எங்களைச் சுற்றி நிறுத்தி அவ கேட்ட முதல் கேள்வி, "கொள்ளைக்காரன் வந்தால் எந்த வாசலால வெளியில போவியள்?" என்பதுதான். எங்கள் மனேஜர் மெட்டே கலகலவென்று சிரித்தாள். கோல்டிங்கில் பர்கர் கடைக்குக் கொள்ளையடிக்க யார் வரப்போகிறார்கள் என்பது அவளுடைய நினைப்பு. டெனிஸ் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எந்த வாசலால் ஓடுவது என்று பார்த்து வைக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

பிறகு தன் ஊரைப் பற்றிச் சொன்னா. அங்கே பாதிப் பேருக்கு வாழ்க்கையில் முதல் வேலை பர்கர் கடையில்தானாம். மட்ச் முடிந்தால் அங்கேதான் போவார்களாம். தேவாலயம் முடிந்தால் அங்கே. செத்தவீடு முடிந்து கறுப்பு உடுப்போடேயே வந்து வரிசையில் நிற்பார்களாம். "எல்லாரும் வருவினம். அதால கள்ளனும் வருவான்" என்றா. ஒருவன் கார் யன்னலுக்குள்ளால் துவக்கை நீட்டியபோது, கல்லாவில் இருந்ததை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, வாய் பழகின பழக்கத்தில் "இண்டைய நாள் இனிய நாளாகட்டும்" என்று அவனுக்கும் சொன்னாவாம். இதைச் சொல்லும்போதும் டெனிஸின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. எனக்கு அதுதான் கூடப் பயமாக இருந்தது.

அன்று பின்னேரம் நான் யன்னலில் நின்றேன். டெனிஸ் என் தோளுக்குப் பின்னால் நின்று, "பல்லுத் தெரியவேணும், வதனி, பல்லு" என்று குசுகுசுத்துக்கொண்டிருந்தா. எனக்கோ அந்தத் துவக்கு மனதை விட்டுப் போகவில்லை. வருகிற ஒவ்வொரு காரிலும் இருந்தவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே, காது வரைக்கும் வாயை இழுத்துச் சிரித்தேன். டென்மார்க்கில் முன்பின் தெரியாதவர்களிடம் யாரும் இப்படிச் சிரிப்பதில்லை. மடியில் நாய்க்குட்டியோடு வந்த ஒரு பெண் என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்ற டெனிஸையும் பார்த்தாள். பிறகு கார் யன்னலால் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உள்ளுக்கை ஆராவது உங்களை வெருட்டுகினமோ? ஓம் எண்டால் ஒருக்காக் கண்ணை மூடித் திறவுங்கோ, நான் பொலிஸுக்கு அடிக்கிறன்."

எள்ளு



கோடை விடுமுறை. பின்னால் கரவன் என்கிற வீட்டுவண்டி பூட்டிய கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒரு தாய் கம்பத்திலும் சொன்னாள், யன்னலிலும் சொன்னாள்: "என்ர மகளுக்கு எள்ளு ஆகாது. கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும்." நானும் உள்ளே சொன்னேன். எள்ளில்லாத பாணில் செய்து, பெட்டிக்கு மேலே துண்டும் ஒட்டினார்கள். பெட்டிகள் வந்தன, கொடுத்தேன், கார் நகர்ந்தது. அடுத்த காரில் இருந்தவர் தன் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில எள்ளு இல்லையெண்டு ஒட்டியிருக்கு, நாங்கள் அப்பிடிக் கேக்கேல்லையே" என்றார்.

உள்ளே பைகள் மாறிவிட்டன. எள்ளுப் பாண் அந்தப் பிள்ளையின் மடியில் போய்க்கொண்டிருக்கிறது. ஹெட்செற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்கதவால் ஓடினேன். மெட்டே என் பெயரைச் சொல்லிக் கத்தியது கேட்டது. நான் நிற்கவில்லை. அந்தக் கார் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் பிறகு யாரைப் பிடிப்பது? இலக்கம் தெரியாது, பெயர் தெரியாது. வெள்ளைக் கரவன், பின்னால் இரண்டு சைக்கிள் என்பது மட்டும்தான் தெரியும்.

பக்கத்துப் பெற்றோல் ஷெட்டில், ரயருக்குக் காற்று அடிக்கிற இடத்தில், இரண்டு சைக்கிள் தெரிந்தன. புல்லுக்குள்ளால் விழுந்து எழும்பி ஓடினேன். கார்க் கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தேன். வாயில் டெனிஷ் வரவில்லை. "தின்னாதை! தின்னாதை!" என்று தமிழில்தான் கத்தினேன். தகப்பன் காற்றுக் குழாயைக் கையில் பிடித்தபடி பயந்துபோய் நின்றார். தாய்க்கு மட்டும் என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பாய்ந்து பின்கதவைத் திறந்து, பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். கைப்பைக்குள் இருந்து ஊசிமருந்தையும் இழுத்து எடுத்துவிட்டாள்.

பிள்ளையின் மடியில் பர்கர் சுற்றிய கடதாசி பிரியாமல் அப்படியே கிடந்தது. வாயில் சிப்ஸ், கையில் பெட்டியோடு கொடுக்கிற விளையாட்டுச் சாமான். தாய் புல்லில் இருந்துவிட்டாள். நானும் பக்கத்தில் இருந்துவிட்டேன். பெரியவர்கள் மூன்று பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட அந்தப் பிள்ளை, தன்னில்தான் பிழை என்று நினைத்தோ என்னவோ, சமாதானமாகச் சொன்னது: "நான் பாணைக் கடைசியாத்தான் சாப்பிடுறனான். எனக்கு அது பிடிக்கிறதே இல்லை."

பலூன்

எங்கள் கடையில் பொரிக்கிற பக்கம் அன்ரன் அண்ணையின் பொறுப்பு. மன்னார் ஆள். அதிகம் கதைக்கமாட்டார். எண்ணெய் தெறித்தால்கூடச் சத்தம் போடமாட்டார். அவருக்குப் பயமே கிடையாது என்று மெட்டே புதிதாக வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

பிள்ளைகளின் பிறந்தநாளைப் பர்கர் கடையில் கொண்டாடுவதும் அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம்தான். அன்றைக்கு ஒரு பெரிய கூட்டம். மேசை முழுக்கப் பலூன். நான் கல்லாவில் நின்று ஒரு கிழவருக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு பொடியன் முள்ளுக்கரண்டியால் குத்தியிருக்கவேண்டும். ஒரு வெடி. அடுத்து ஒன்று. பிறகு விட்டுவிட்டு நாலைந்து, சேர்ந்தாற்போல்.

நான் எப்போது குனிந்தேன் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது கல்லா மேசைக்குக் கீழே, நிலத்தோடு நிலமாகக் கிடந்தேன். எனக்கு முன்னால், முகத்துக்கு முகம், அன்ரன் அண்ணை. சிப்ஸ் அள்ளுகிற அகப்பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். உதடு செபம் சொல்லிக்கொண்டிருந்தது. எண்ணெய்ச் சட்டியில் அலாரம் அடித்தது. "பலூன் அண்ணை" என்றேன். "ஓம், தெரியும் பிள்ளை" என்றார். அப்படியும் அவர் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை. மேலே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

கோப்பிக்குக் காத்திருந்த கிழவர் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "என்னத்தைத் துலைச்சுப்போட்டுத் தேடுறியள்? நானும் வந்து பாக்கட்டோ?"

சனிக்கிழமை வருகிறவர்

ரே என்பவர் பிராண்டேயில் காற்றாலை இறக்கை செய்கிற ஒரு தொழிற்சாலைக்கு வந்த அமெரிக்க எஞ்சினியர். அறுபது வயது தாண்டியவர், தனி ஆள். சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கிருந்து கோல்டிங் வரைக்கும், ஒரு பர்கர் சாப்பிட மட்டும் கார் ஓட்டி வருவார். "இதைவிட நல்ல சாப்பாடு டென்மார்க்கில எவ்வளவோ இருக்கே" என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இதைக் கடிச்சால் நான் ஊரில இருப்பன்" என்றார். சின்ன வயதில் பேஸ்போல் மட்சில் தோற்றால், தகப்பன் ஒரு வார்த்தையும் பேசாமல் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் பர்கர் வாங்கிக் கொடுப்பாராம். தகப்பன் தன்னோடு கதைத்தது ஒன்றும் ஞாபகமில்லை, எதிரில் இருந்து சாப்பிட்டதுதான் ஞாபகம் என்றார்.

ஒரு சனிக்கிழமை, வழக்கமான மேசையில் இருந்தவர் பர்கரைப் பிரிக்கவேயில்லை. முகம் சாம்பல் நிறமாக இருந்தது. "கை விறைக்குது" என்றார். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். தட்டு விழுகிற சத்தம் கேட்டது. ரே நிலத்தில் கிடந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழும்பி நின்றார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை. மெட்டே போனில் அம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "வதனி, தொடங்கும்!" என்றாள்.

முதலுதவிப் பயிற்சியில் நாங்கள் எல்லாரும் ஒரு றப்பர்ப் பொம்மையின் நெஞ்சை அமத்திப் பழகியிருந்தோம். அந்தப் பொம்மைக்கு வியர்க்காது. அதன் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி இருக்காது. நான் அமத்தினேன். உள்ளே ஏதோ முறிகிற மாதிரி ஒரு சத்தம். கையை இழுத்துவிட்டேன். நான்தான் இந்த மனிசனைக் கொல்லுகிறேன் என்று நினைத்தேன். "நிப்பாட்டாதையும்! அமத்தும்!" என்று மெட்டே கத்தினாள். அமத்தினேன். அன்ரன் அண்ணை சுவரில் மாட்டியிருந்த இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பெட்டி டெனிஷில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். நான் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன், அவர் மடு மாதாவைக் கூப்பிட்டார். அம்புலன்ஸ்காரர் வந்து என் தோளைப் பிடித்து விலக்கியபோதும் என் கைகள் அமத்திக்கொண்டுதான் இருந்தனவாம். மெட்டே பிறகு சொன்னாள்.

அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். பிரிக்காத பர்கர் மேசையில் கிடந்தது. அதை எறிய எனக்குக் கை வரவில்லை. சொந்தக்காரர் இல்லை என்பதால் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஒன்றும் சொல்லவும் மாட்டார்கள். பிறகு வந்த சனிக்கிழமைகளில் அந்த மேசையைத் துடைக்கும்போது மட்டும் நான் பார்க்காமல் துடைத்தேன்.

வசந்த காலம் தொடங்கி, ஒருநாள் கதவு திறந்தது. பாதியாக மெலிந்து, பொல்லு ஊன்றிக்கொண்டு ரே வந்தார். சலாட் கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சலாட்டை எடுத்துக் கொடுக்கவும் முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்குக் கண் திறந்து மூடின நேரத்தில உங்கட முகத்தைக் கண்டு சரியாப் பயந்துபோனன். ஆரோ ஒரு பாவத்துக்கு என்னவோ நடந்திட்டுது எண்டு நினைச்சன். அது நான் எண்டு எனக்குத் தெரியாது."

மகள்

என் மகள் ஆரணி இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்வாள். நான் வேலையால் வந்தால் "போய்க் குளியுங்கோ" என்பதை மட்டும் சுத்தமான தமிழில் சொல்வாள். என் தலைமுடியில், கோட்டில், காருக்குள் எங்கேயும் பொரிச்ச எண்ணெய் மணம். நண்பிகள் வீட்டுக்கு வருகிற நாட்களில் என் கோட்டைத் தூக்கி வெளியே கொழுவிவிடுவாள். நான் கோபித்ததில்லை. எனக்கும் அந்த மணம் பிடிக்காது.

போன வருடம், படிப்பில் ஒரு வருடத்தை அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப்போகிறேன் என்று நின்றாள். இங்கே பிள்ளைகள் அப்படிப் போவது வழக்கம்தான். என் கணவர் ரூபன் ஓம் என்றுவிட்டார். எனக்கு டெனிஸ் சொன்ன துவக்குக் கதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. அமெரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைக்கு வந்தவர்கள் சொன்னதுதான். விமான நிலையத்தில் அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அடுத்த நாள் மத்தியானமாகியும் போன் வரவில்லை. வேலையில் நான் கோலா கேட்டவருக்குக் கோப்பி கொடுத்தேன். கம்பத்திலிருந்து ஒரு இளம் பெண்ணின் குரல் வந்தபோது, அது ஆரணிதான் என்று நினைத்து ஹெட்செற்றுக்குள் "எங்கை பிள்ளை நிக்கிறாய்?" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் பாவம், ஒன்றும் வாங்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பின்னேரம் போன் அடித்தது. அழுது வீங்கிய முகத்தோடு திரையில் ஆரணி. "என்ன நடந்தது? ஆர் என்ன செய்தது?" என்று கத்தினேன். ரூபன் ஓடிவந்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். அவளை வரவேற்க அந்தக் குடும்பம் முதல் வேலையாக ஊர் பர்கர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. அங்கே அதுதான் மரியாதையாம். கடைக் கதவடியில் நின்று ஒரேயடியாக அழத் தொடங்கியவளைப் பார்த்து, அந்தத் தாயும் தகப்பனும் பயந்துபோய் நின்றார்களாம். ஏன் பிள்ளை அழுதாய் என்று கேட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டெனிஷில் இல்லை, தமிழில் சொன்னாள்: "கதவைத் திறந்த உடனை உங்கட மணம் வந்தது, அம்மா."

இவ்வளவு காலமும் ஒருநாள்கூட லீவு எடுக்காமல் என்னோடு வேலைக்கு வந்த ஒரே ஆள் என் பயம்தான், ஆனால் மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சுவரில் கொழுவியிருப்பது என்னவோ என் படத்தைத்தான்.